அத்தையோடு 600 கிலோமீட்டர்

கோடை விடுமுறை வந்துவிட்டால் எல்லார் வீட்டிலும் "ஊருக்கு எப்போ?" என்ற பேச்சுதான். 2024-ஆம் ஆண்டு மே மாதம் எங்கள் பெங்களூர் வீட்டிலும் அந்தப் பேச்சு எழுந்தது. ஆனால் ஆரம்பித்தது குழந்தைகள் இல்லை, என் மாமியார்!

அத்தைக்கு வயது 76. அம்பாசமுத்திரம் பக்கத்தில் கிராமம். மாமா போன பிறகு ஒன்பது வருஷமாக அங்கே தனியாகத்தான் இருக்கிறார். கண்புரை ஆபரேஷனுக்காக ஜனவரியில் எங்களிடம் வந்தவர், கண் தெளிந்ததும் "என்னைக் கொண்டு விட்டிருங்க" என்று தினமும் காலையில் காப்பி குடிக்கிற நேரத்தில் ஒரு தரம், ராத்திரி படுக்கப் போகிற நேரத்தில் ஒரு தரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ரயிலில் இடம் கிடைக்கவில்லை. அதனால் காரிலேயே போவது என்று தீர்மானமாயிற்று.

என் வீட்டுக்காரர் சமையலறைக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "ஊர்ல நாலு நாள் இருப்போம். சாமானை ஒழுங்கு பண்ணி, வீட்டைப் பூட்டிட்டு அம்மாவை நம்மகூடவே திரும்பக் கூட்டிட்டு வந்துடலாம். இப்பவே சொன்னா வண்டியிலயே ஏற மாட்டாங்க."

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் தனியாக இருக்கும் சர்க்கரை வியாதிக்காரரை எத்தனை நாளைக்கு அப்படியே விட்டுவைப்பது என்ற பயம் எனக்கும் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

எங்களோடு என் மகளும் அவள் ஒன்றரை வயதுப் பையனும் சேர்ந்துகொண்டார்கள். ஆக, அத்தைக்கு மகன், மருமகள், பேத்தி, கொள்ளுப்பேரன் எல்லாரும் ஒரே வண்டியில்!

முதல் நாள் ராத்திரி பத்து மணி வரைக்கும் மூட்டை கட்டினேன். இட்லிக்கு நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தடவி வாழை இலையில் கட்டினேன். வெயில் காலத்தில் தேங்காய்ச் சட்னி மத்தியானத்துக்கு முன்பே ஊசிப் போகும் என்பதால் அதைத் தொடவே இல்லை. புளியோதரை ஒரு டப்பா. தயிர் சாதத்துக்குச் சாதத்தை நன்றாகக் குழைத்து, பாலை நிறைய விட்டு, தயிர் ஒரே ஒரு ஸ்பூன் விட்டேன். சாப்பிடுகிற நேரத்தில் அது தானே உறைந்து புளிக்காமல் இருக்கும். குழந்தைக்குச் சத்துமாவு, பிளாஸ்க்கில் வெந்நீர், பிஸ்கட், மாற்றுத் துணி எட்டு, உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு, பிளாஸ்டிக் கவர்கள், ஈரத் துண்டு என்று ஒன்றையும் விடவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அத்தைக்கென்று என்ன எடுத்து வைத்தேன் என்று கேட்கிறீர்களா? மாத்திரை டப்பாவும் சர்க்கரை பார்க்கிற கருவியும். அவ்வளவுதான். அதைக்கூட மகள்தான் ஞாபகப்படுத்தினாள்.

விடிகாலை நாலரை மணிக்குப் புறப்பட்டோம். முட்டி வலிக்காக அத்தையை முன் ஸீட்டில் உட்கார வைத்தோம். பின்னால் நானும் மகளும், குழந்தைக்கென்று கட்டிய தனி ஸீட்டில் பையனும். "பிள்ளையை மடியில வச்சுக்கிடாம இதென்ன கயித்துல கட்டிப் போட்டிருக்கீங்க?" என்று அத்தைக்கு மனத்தாங்கல். குழந்தையை மடியில், அதுவும் முன் ஸீட்டில் வைத்துக்கொள்வது எத்தனை ஆபத்து என்று பேத்தி விளக்கினாள். திடீரென்று பிரேக் போட்டால் நம் கைப்பிடி குழந்தையைத் தாங்காது. எதிரே காற்றுப்பை விரிந்தால் அதன் வேகமே குழந்தைக்கு எமன். அத்தை கேட்டுக்கொண்டாரே ஒழிய மனசு ஆறவில்லை.

ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் தூக்கக் கலக்கத்திலேயே போயின. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் வருகிற 44-ஆம் நம்பர் நெடுஞ்சாலை இது. எனக்குக் கல்யாணமான புதிதில் 7-ஆம் நம்பர் என்று பெயர். கிருஷ்ணகிரி தாண்டி சாலையோரத்தில் மாம்பழக் கூடைகள். வாங்க வேண்டும் என்று ஆசை. திரும்பி வரும்போது பார்க்கலாம் என்று இவர் சொல்லிவிட்டார்.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர்க் கணவாய் வரும். சேலம் பக்கமாக ஒரே இறக்கம். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று கியரை விட்டுவிட்டு லாரியை உருட்டி வருபவர்களால் அங்கே எத்தனையோ விபத்துகள் நடந்திருக்கின்றன. இவர் சின்ன கியரில் போட்டு மெதுவாக இறக்கினார். நான் வழக்கம்போல் இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டு வந்தேன்.

எட்டரை மணிக்குச் சேலம் பக்கம் ஒரு ஓட்டலில் நிறுத்தினோம். வெளியே பெரிய போர்டு, உள்ளே குளிர்சாதனம், பளபளவென்று மேஜைகள். பெண்களுக்கான பாத்ரூமைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்! தாழ்ப்பாள் இல்லை. தண்ணீர் இல்லை. உள்ளே கால் வைக்க முடியவில்லை. அத்தை வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "எனக்கு வேண்டாம்ளா" என்று திரும்பி வந்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. நானுந்தான் போகவில்லையே!

டிபன் வந்தது. அத்தை மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு இட்லியில் பாதியைத் தின்றார். மீதியைக் கொள்ளுப்பேரனுக்கு ஊட்டினார். காப்பியைத் தொடவில்லை. தண்ணீர் ஒரு மடக்கு, அதுவும் மாத்திரையை விழுங்க. "என்னத்தை, சாப்பிடவே இல்லையே?" என்றால், "காலம்பற எந்திரிச்சது வயிறு மந்தமா இருக்கு" என்றார். நானும் நம்பிவிட்டேன்.

நாமக்கல்லில் ஆஞ்சநேயரைப் பார்க்காமல் போகக் கூடாது என்பது அத்தையின் கட்டளை. பதினெட்டு அடி உயரத்தில், தலைக்கு மேல் கூரை இல்லாமல், எதிரே மலைக்கோட்டைப் பக்கம் இருக்கும் நரசிம்மரைப் பார்த்தபடி நிற்கிறார். அன்று கூட்டம் இருந்தது. வெயிலில் வரிசையில் நின்று, கல் தரையில் வெறுங்காலோடு நடந்து, அரை மணி நேரம் ஆகிவிட்டது. அத்தை சந்தோஷமாகத்தான் இருந்தார். வண்டியில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டார்.

அங்கிருந்து பரமத்தி வேலூர். காவிரிப் பாலத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். பூவன் பழம் ஒரு சீப்பும் அச்சு வெல்லம் ஒரு கிலோவும் வாங்கினேன். ஊருக்குப் போனால் பாயசத்துக்கு ஆகுமே என்றுதான் வாங்கினேன். அது எதற்கு உதவப் போகிறது என்று அப்போது தெரியாது.

கரூர் தாண்டி அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கைத் தோட்டங்களாக வந்துகொண்டிருந்தபோது பையன் ஏதோ சிணுங்கினான். உடனே முன் ஸீட்டிலிருந்து, "சனியனே, வாயை மூடு!" என்று ஒரு குரல். எங்கள் மூன்று பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. கொள்ளுப்பேரன் தும்மினால்கூட 'நூறாயுசு' சொல்கிற அத்தையா இப்படி?

"அம்மாவுக்கு அலுப்பு, விடு" என்றார் இவர். எனக்கு மனசு கேட்கவில்லை. முன்னால் குனிந்து அத்தையின் பிடரியில் கை வைத்தேன். தொப்பலாக நனைந்திருந்தது. ஏஸி ஓடுகிற வண்டியில்! கையைப் பிடித்தேன், சில்லென்று நடுங்கியது. "அத்தை, அத்தை" என்றால், "சாவி... அடுக்களை சாவி எங்க?" என்று குழறினார்.

"வண்டியை ஓரமா நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் குழந்தை வீரிட்டு அழுதான்.

மகள் கருவியை எடுத்து ஆச்சியின் விரலில் குத்தினாள். 54 காட்டியது. எழுபதுக்குக் கீழே வந்தாலே குறைவு என்று படித்திருக்கிறேன். உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். எங்கே சர்க்கரை? குழந்தைக்குச் சர்க்கரை சேர்ப்பதில்லை என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறோம். பிஸ்கட் இருக்கிறது, ஆனால் அது மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும். அப்போதுதான் வெல்லம் ஞாபகம் வந்தது. இரண்டு அச்சை ரோட்டோரக் கல்லில் வைத்துத் தட்டி, குழந்தையின் வெந்நீரைக் கொஞ்சம் விட்டுக் கரைத்து, பச்சைத் தண்ணீர் விட்டு ஆற்றினேன். அத்தைக்கு நினைவு இருந்தது, விழுங்கவும் முடிந்தது. அதனால் நிமிர்த்தி உட்கார வைத்து வாய் வாயாகக் குடிக்க வைத்தேன்.

சகோதரிகளே, இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அது மூச்சுக் குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033 என்ற நம்பரிலும் உதவி கேட்கலாம். நினைவு இருந்து விழுங்க முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லையானால் இன்னொரு தரம் அதே அளவு. சாக்லேட் கொடுக்கிறவர்கள் உண்டு. அதில் இருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

அந்தக் கால் மணி நேரம் எனக்கு ஒரு யுகம். லாரிகள் விர்ரென்று போகும்போதெல்லாம் கார் ஆடியது. இவர் வெளியே நின்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். மறுபடி பார்த்தபோது 81. அத்தை கண்ணைத் திறந்து, "ஏன் இங்க நிப்பாட்டியிருக்கீங்க?" என்று கேட்டாரே பார்க்கலாம்! பூவன் பழம் ஒன்றும், பொடி இட்லி இரண்டும் பக்கத்திலேயே இருந்து ஊட்டினேன்.

திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். லேடி டாக்டர், என் மகள் வயதுதான் இருக்கும். பொறுமையாகச் சொன்னார். சர்க்கரைக்கான மாத்திரைகளில் சில, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் அதைப் போட்டு, வெயிலில் நடக்கவும் செய்தால் இப்படித்தான் ஆகும். அந்த மாத்திரை நெடுநேரம் வேலை செய்வதால் ஒரு தரம் ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கக் கூடும், அதனால் அன்று முழுதும் அடிக்கடி பார்க்க வேண்டும். "வயசானவங்களுக்கு ரொம்பக் கறாரா சர்க்கரையைக் குறைக்கணும்னு இல்லை. ஊருக்குப் போனதும் உங்க டாக்டர்கிட்ட மாத்திரை அளவைப் பத்திக் கேளுங்க" என்றார். இரண்டு மணி நேரம் அங்கேயே வைத்திருந்து இரண்டு தரம் பார்த்த பிறகுதான் விட்டார்.

பிறகு அத்தையைக் கேட்டார். "ஏன் பாட்டி சாப்பிடலை?"

அத்தை என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். இவரை வெளியே அனுப்பினேன். அப்புறம்தான் வாய் திறந்தார். "தின்னா தண்ணி குடிக்கணும். தண்ணி குடிச்சா போகணும். வழியில எங்கம்மா போறது? அவன்கிட்ட நாலு தரம் வண்டியை நிப்பாட்டுன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு. முந்தின நாள் சாயங்காலத்துல இருந்தே குறைச்சுக்கிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏனென்றால் நானும் அதையேதான் இருபத்தைந்து வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன்! எங்காவது போவதென்றால் முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைப்பேன். ஊர் போய்ச் சேர்ந்து இரண்டாம் நாள் நீர்க்கடுப்பு. இளநீரையும் வெந்தயத்தையும் குடித்துச் சமாளிப்பேன். இது வெறும் சூடு இல்லை என்று டாக்டர் சொன்னார். தண்ணீர் குடிக்காமலும், வந்ததை மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டும் இருந்தால் கிருமி வளர அதுவே போதும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது இன்னும் சீக்கிரம் வரும். எரிச்சலோடு குளிர் காய்ச்சலும் முதுகு வலியும் சேர்ந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விட வேண்டும். ஆண்கள் வேலிகாத்தான் மறைவைப் பார்த்து வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். நமக்கு?

மதுரை பைபாஸில் புளியோதரையும் தயிர் சாதமும் ஆயிற்று. அதற்குப் பிறகு நானே வண்டிக்கு எஜமானி ஆகிவிட்டேன். ஒன்றரை மணிக்கு ஒரு தரம் நிறுத்தம். சுங்கச்சாவடிப் பக்கத்துக் கழிப்பறைகளும் பெரிய பெட்ரோல் பங்குகளும் ஓட்டல்களைவிட எவ்வளவோ தேவலை என்று கண்டுகொண்டேன். நான் முதலில் இறங்கிப் போய்ப் பார்ப்பேன். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா? இல்லாவிட்டால் மகள் கதவைப் பிடித்துக்கொள்வாள். ஒரு பாட்டில் தண்ணீர், சோப்பு, பழைய நியூஸ் பேப்பர் மூன்றும் ஒரு பையில். அத்தை நாலு தரமும் இறங்கினார். நாலாம் தரம் அவரே, "ஏளா, அந்தப் பங்கு சுத்தமா இருக்கும் போலிருக்கே" என்று கையைக் காட்டினார்!

சாத்தூரில் காராச்சேவு வாங்கினோம். கோவில்பட்டியில் டீக்கு நிறுத்தினோம். கடலை மிட்டாய் வாங்காமல் அந்த ஊரைத் தாண்ட முடியுமா? 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்த மிட்டாயாயிற்றே. அத்தையும் பேத்தியும் வண்டியில் இருந்தார்கள். டீக் கடை பெஞ்சில் இவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"பார்த்தியா? இதுக்குத்தான் சொன்னேன். இப்படி வீட்டுல தனியா இருக்கும்போது வந்திருந்தா? இன்னைக்கே சொல்லிடப் போறேன்."

நானும் அந்த நிமிஷம் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஏங்க, ஒன்பது வருஷத்துல வீட்டுல ஒரு தடவையாவது இப்படி வந்திருக்கா? எட்டு மணிக்குப் பலகாரம், ஒரு மணிக்குச் சாப்பாடு, ஏழு மணிக்குத் தோசைன்னு கடிகாரம் மாதிரி இருந்தவங்க. கட்டில்ல இருந்து பத்து அடியில பாத்ரூம். யார்கிட்டயும் கேட்க வேண்டாம். அவங்களை அரைப் பட்டினி போட்டது நம்ம வண்டிங்க. அதை அவங்க தலையில போட்டு வீட்டைப் பூட்டச் சொல்றது நியாயமா?"

இவர் பதில் சொல்லவில்லை. டீ ஆறிப் போய், மேலே ஆடை கட்டிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க ஏன் என்கிட்ட நிறுத்தச் சொல்லலை?" என்று மட்டும் கேட்டார்.

"நானே சொன்னதில்லையே உங்ககிட்ட" என்றேன்.

கயத்தாறில் கட்டபொம்மன் நினைவிடத்தைத் தாண்டும்போது இருட்ட ஆரம்பித்துவிட்டது. 1799-இல் அவரைத் தூக்கிலிட்ட இடம் என்று தன் பேத்திக்கு அத்தை கதை சொல்லிக்கொண்டு வந்தார். குரல் பழையபடி கணீரென்று இருந்தது. திருநெல்வேலியில் அல்வாக் கடைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தாமலே போனோம். வீடு போய்ச் சேர ஒன்பதரை மணி ஆகிவிட்டது.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அத்தையே திறந்தார். நாலு மாசப் புழுதி. விளக்கைப் போட்டுவிட்டு நேரே கொல்லைப் பக்கம் போனார். திரும்பி வந்து குழாயைத் திறந்து, பழுப்புத் தண்ணீர் போய் நல்ல தண்ணீர் வரும்வரைக்கும் காத்திருந்து, செம்பு நிறையப் பிடித்து, அண்ணாந்து ஒரே மூச்சாகக் குடித்தார். இன்னொரு செம்பு பிடித்தார். அதையும் குடித்தார். "ஆத்துத் தண்ணி" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

இவர் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாலு நாளில் நாங்கள் சாமான் எதையும் ஒழுங்கு பண்ணவில்லை. அம்பாசமுத்திரம் டாக்டரிடம் அத்தையைக் கூட்டிப் போனோம். அவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். சர்க்கரை பார்ப்பது எப்படி என்று பக்கத்து வீட்டு மருமகளுக்கு என் மகள் சொல்லிக் கொடுத்தாள். கட்டில் தலைமாட்டில் ஒன்று, பூஜை அறையில் ஒன்று, அடுக்களையில் ஒன்று என்று மூன்று சின்ன டப்பாக்களில் சர்க்கரை போட்டு வைத்தேன். பாத்ரூம் சுவரில் கைப்பிடிக் கம்பி ஒன்றை இவர் ஆள் வைத்துப் பொருத்தினார். தினமும் காலை எட்டரைக்குப் போன். பலகாரம் சாப்பிட்டாயிற்றா என்பது முதல் கேள்வி. போனை எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்கு.

கிளம்புகிற அன்று அத்தை என் கையில் ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திணித்தார். திருநீறாக்கும் என்று திறந்து பார்த்தால், சர்க்கரை. "வண்டியிலேயே கெடக்கட்டும்" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "ஏல, இவ நிறுத்தச் சொன்னா நிறுத்து" என்றார்.

திரும்பி வரும்போது ஏழு இடத்தில் நிறுத்தினோம். கிருஷ்ணகிரியில் மாம்பழமும் வாங்கினோம்.